ஹாண்டில் உயர்ந்தால் பிரேக் லைனும் நீள வேண்டும்

பேராதனையில் புறப்பட்டு நுவரெலியா, பதுளை, பிபிலை, மகாஓயா என்று மலையும் காடும் கடந்து வரும் ஏ5 வீதி, செங்கலடிச் சந்தியில் வந்து முடிகிறது. மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் ஏ15 வீதியோடு அது சேரும் இடம் அது. காலையில் அந்தச் சந்தியில் கொஞ்ச நேரம் நின்றாலே, இந்தப் பிரதேசம் எதில் ஏறி வேலைக்குப் போகிறது என்று தெரிந்துவிடும். கரடியனாறு, புல்லுமலைப் பக்கத்து வயல்களுக்குப் போகும் விவசாயிகள், வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் ஊழியர்கள், பாற்கான் கட்டியவர்கள், மீன்பெட்டி கட்டியவர்கள் என்று பெரும்பாலானோர் மோட்டார் சைக்கிளில்தான் போகிறார்கள். அந்த வண்டிகளில் கணிசமானவை பழையவை. ஹொண்டா சீடி 125, சீடி 200, பழைய பஜாஜ் பல்சர், ஜப்பானில் ஓடி முடிந்து இங்கே வந்த 250 சீசீ வண்டிகள் என்று இருபது, முப்பது வருடங்களைத் தாண்டியவையும் அவற்றுள் உண்டு.

அப்படியான வண்டிகளில் ஹாண்டில் மாற்றப்பட்டிருப்பதைக் காண்பது அரிதல்ல. கம்பனி கொடுத்த ஹாண்டிலைக் கழற்றிவிட்டு, அதைவிட உயரமான, ஓட்டுபவரின் பக்கமாக வளைந்து வருகிற ஹாண்டிலைப் போட்டிருப்பார்கள். சிலர் தோற்றத்துக்காகச் செய்கிறார்கள். பலர் முதுகு வலிக்காகச் செய்கிறார்கள். இரண்டு காரணமும் நியாயமானவையே. நியாயமில்லாதது ஒன்று உண்டு. ஹாண்டிலை மட்டும் உயர்த்திவிட்டு, அதிலிருந்து கீழே போகும் பிரேக் கேபிளையும் பிரேக் ஹோஸையும் பழைய நீளத்திலேயே இழுத்துக் கட்டி வண்டியை வீதிக்கு விடுவதுதான் அது.

ஹாண்டில் மாற்றுவதும் பிரேக் லைன் மாற்றுவதும் இரண்டு வேலைகள் என்று நினைப்பதில்தான் ஆபத்து தொடங்குகிறது. அவை ஒரே வேலை. பாதியைச் செய்து கொடுக்க எந்தக் கராஜும் சம்மதிக்கக் கூடாது. பாதியைச் செய்து தரும்படி எந்த வாடிக்கையாளரும் கேட்கவும் கூடாது.

பழைய வண்டி, வயதாகும் உடம்பு

பழைய வண்டியை விட்டுப் புதியது வாங்கினால் என்ன என்று கேட்பவர்கள், இந்த நாட்டின் அண்மைக் கால வரலாற்றை நினைத்துப் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில், கொரோனா தொடங்கிய நாட்களில், அந்நியச் செலாவணியைக் காப்பதற்காக அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022 இன் பொருளாதார நெருக்கடி அந்தத் தடையை இன்னும் நீளச் செய்தது. தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் புதிய வண்டி எட்டாக்கனியானது; பழைய வண்டிகளின் விலையும் ஏறியது. இருப்பதைத் திருத்தி ஓட்டுவதே சாதாரணக் குடும்பங்களுக்கு வழியாக இருந்தது. இலங்கையில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தத் தடை யாருடைய முற்றத்தில் போய் நின்றது என்று விளங்கும்.

இருபத்தைந்து வயதில் வாங்கிய வண்டியை ஐம்பது வயதிலும் ஓட்டுகிறவர்கள் இந்தப் பகுதியில் இருக்கிறார்கள். வண்டியின் இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டலாம்; உடம்பை அப்படிச் செய்ய முடியாது. தாழ்ந்த, நேரான ஹாண்டிலைப் பிடிக்க முன்னால் குனிய வேண்டும். குனிந்தால் உடம்பின் பாரத்தில் ஒரு பங்கு மணிக்கட்டில் இறங்கும். கிறவல் வீதியில் ஒரு மணித்தியாலம் போனால் உள்ளங்கை மரத்துப்போகும், கழுத்தும் இடுப்பும் வலிக்கும். ஹாண்டில் சற்று உயர்ந்து பின்னால் வந்தால் முதுகு நிமிரும், தோள் தளரும், முழங்கை இயல்பாக மடியும். பின்னால் விதைநெல் மூட்டை கட்டியிருக்கும்போது ஓட்டுபவர் முன்னுக்குத் தள்ளி உட்கார வேண்டியிருக்கும். அப்போதும் உயர்ந்த ஹாண்டில் உதவுகிறது. பள்ளமும் மேடுமான வரம்போர வழியில் கால்மிதியில் எழுந்து நின்று ஓட்டுபவருக்கும் அதுவே வசதி.

ஆகவே, ஹாண்டிலை உயர்த்துகிறவர்களை வீதியில் சாகசம் காட்டுகிறவர்களோடு சேர்த்துப் பேசுவது அநீதி. அவர்களிற் பலர் தங்கள் உடம்புக்கு ஏற்றபடி ஒரு கருவியைச் சரிசெய்துகொள்கிறார்கள். அந்த உரிமை அவர்களுக்கு இருக்க வேண்டும். அந்த உரிமையைக் காப்பாற்ற வேண்டுமென்றால், வேலை முழுமையாக நடக்க வேண்டும்.

ஒரு குழாயில் தொங்கும் உயிர்

ஹாண்டில் என்பது பார்வைக்கு ஒரு வளைந்த குழாய். ஆனால் வண்டியை நிறுத்தவும் ஓட்டவும் தேவையான எல்லாமே அதில்தான் தொங்குகின்றன. வலப்பக்கம் முன் பிரேக் லிவர், எக்ஸிலேட்டர். இடப்பக்கம் கிளச் லிவர், பல வண்டிகளில் சோக். இரண்டு பக்கமும் ஸ்விட்ச் பெட்டிகள். அவற்றிலிருந்து ஹெட்லைட்டுக்குள் போகும் வயர்க் கட்டுகள். இவை ஒவ்வொன்றின் நீளத்தையும் தயாரிப்பாளர் அந்த வண்டியின் சொந்த ஹாண்டிலுக்கு அளந்து வைத்திருக்கிறார். ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பவும், முன் ஷொக் முழுதாக நீளவும் எவ்வளவு தளர்வு வேண்டுமோ அவ்வளவுதான் அதில் இருக்கும். பஜாஜ் அவெஞ்சர் போல உயர்ந்த ஹாண்டிலோடு தொழிற்சாலையிலிருந்து வரும் வண்டிகளுக்குக் கேபிளும் ஹோஸும் அந்த உயரத்துக்கு ஏற்ற நீளத்தில் வருகின்றன. சீடி 125 இல் அந்த உயரத்து ஹாண்டிலைப் போட்டுவிட்டுப் பழைய கேபிள் போதும் என்றால், தளர்வுக்கென்று வைத்த நீளம் முழுவதையும் அந்த உயரமே தின்றுவிடும்.

ஹாண்டிலுக்கும் அதைத் தாங்கும் பிடிக்கும் இடையில் இரண்டு, மூன்று சென்ரிமீற்றர் உயரக் கட்டை வைத்து உயர்த்தினால் பல வண்டிகளில் பழைய கேபிள்களே போதும். அதையும் பார்த்து உறுதிப்படுத்த வேண்டும். நான்கு அங்குலம், ஆறு அங்குலம் என்று உயரமான ஹாண்டிலே போடும்போது பழைய கேபிள் பெரும்பாலும் போதாது.

போதாவிட்டால் என்ன நடக்கும்? நேரே போகும்போது ஒன்றும் தெரியாது. கராஜிலிருந்து வீடுவரை ஓட்டிப் பார்த்து, எல்லாம் சரி என்று நினைத்துவிடலாம். ஏ15 இலிருந்து ஏ5 க்குள் மெதுவாகத் திரும்பும்போதோ, சந்தை வாசலில் வண்டியை முழுதாக வளைத்துத் திருப்பும்போதோதான் விஷயம் வெளிவரும். எக்ஸிலேட்டர் கேபிள் இறுகினால், கை அசையாமலே இயந்திரம் வேகமெடுக்கும். கிளச் கேபிள் இறுகினால் கிளச் பாதி விடுபடும். ட்ரம் பிரேக் வண்டியில் முன் பிரேக் கேபிள் இறுகினால், யாரும் பிடிக்காமலே முன் சில்லு பிடிபடும். மெதுவாக வளையும் வண்டியில் முன் சில்லு திடீரென்று பிடிபட்டால் வண்டி சாய்வதைத் தவிர வேறு வழியில்லை.

டிஸ்க் பிரேக் வண்டியில் ஆபத்து இன்னும் மறைவாக இருக்கிறது. அங்கே கேபிளுக்குப் பதிலாக எண்ணெய் நிரம்பிய ஹோஸ். அது குட்டையானாலும் பிரேக் தானாகப் பிடிக்காது. எச்சரிக்கை எதுவும் வராது. மதகு ஒன்றின் மேல் வண்டி எழும்பி, முன் ஷொக் முழுதாக நீளும் கணத்தில் ஹோஸின் இரண்டு முனைகளும் வெடுக்கென்று இழுபடும். ஒரு தடவை இழுத்தால் ஒன்றும் ஆகாது. நூறு தடவை, ஆயிரம் தடவை இழுபட்டால் முனையில் றப்பர் வெடிக்கும். முதலில் எண்ணெய் கசியும், ஒரு நாள் லிவர் கைப்பிடிவரை வந்து ஒட்டிக்கொள்ளும்.

வெட்டி ஒட்டக் கூடாத இடம்

இந்த இடத்தில்தான் சில கராஜ்களில் நடக்கும் கைவேலைகளைப் பற்றிக் கறாராகப் பேச வேண்டியிருக்கிறது. பழைய ஹோஸை வெட்டி நடுவில் ஒரு குழாயைச் செருகி இரண்டு பக்கமும் கிளிப் போட்டு இறுக்குவது, பழைய பிரேக் கேபிளோடு இன்னொரு துண்டுக் கம்பியைப் பற்றவைத்து நீட்டுவது போன்றவை எந்தக் காரணத்துக்காகவும் செய்யத் தகாதவை. மோட்டார் சைக்கிள் டயருக்குள் இருக்கும் காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 30 இறாத்தல். அவசரத்தில் பிரேக் லிவரை இறுகப் பிடிக்கும்போது ஹோஸுக்குள் எழும் அழுத்தம் பல நூறு இறாத்தலைத் தாண்டும். கிளிப்பால் இறுக்கிய மூட்டு அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதல்ல. அது விடுபடும் நேரமும், பிரேக் உயிருக்குத் தேவைப்படும் நேரமும் ஒன்றாகவே இருக்கும்.

கேபிளிலும் அப்படித்தான். புதிய உட்கம்பி, புதிய வெளியுறை எடுத்து, தேவையான நீளத்துக்கு வெட்டி, முனையில் கம்பி இழைகளை விரித்து, ஈயம் ஊற்றி நிப்பிள் போடத் தெரிந்த பழைய கைகள் இன்னும் இருக்கின்றன. அது மதிக்கத்தக்க கைத்திறன். சரியாகச் செய்தால் கடையில் வாங்கும் கேபிளுக்குக் குறைந்ததல்ல. ஆனால் பாவித்துத் தேய்ந்த கம்பியை நடுவில் சூடாக்கி ஒட்டுவது வேறு. சூடு பட்ட இடத்தில் உருக்குக் கம்பி தன் பலத்தை இழக்கிறது. இழைகள் ஒவ்வொன்றாக அறும். வெளியுறைக்குள் நடப்பதால் கண்ணுக்கும் தெரியாது.

நீளம் கூடினாலும் கெடுதல்தான் என்பதையும் சொல்ல வேண்டும். தேவைக்கு மேல் நீண்ட கேபிள் வளைந்து வளைந்து போகும். ஒவ்வொரு வளைவும் உராய்வைக் கூட்டும், லிவர் கனக்கும். நீண்டு தொங்கும் ஹோஸ் டயரில் உரசும், அல்லது ஹாண்டில் திரும்பும்போது டாங்கிக்கும் ஷொக்குக்கும் இடையில் நசுங்கும். ஆகவே நீளத்தைக் கண்மதிப்பில் சொல்லக் கூடாது. புதிய ஹாண்டிலைப் பொருத்தி, முன் சில்லை நிலத்திலிருந்து உயர்த்தி, ஷொக் முழுதாக நீண்டு நிற்கும் நிலையில், லிவரோடு உள்ள மாஸ்டர் சிலிண்டரிலிருந்து சில்லோடு உள்ள கலிப்பர்வரை ஹோஸ் போக வேண்டிய வழியில் ஒரு கயிற்றையோ கம்பியையோ வைத்து, ஹாண்டிலை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து அளக்க வேண்டும். அந்த அளவைக் கொண்டு ஹோஸ் வாங்க வேண்டும். வாங்கும் ஹோஸில் எஸ்ஏஇ ஜே1401 போன்ற தர அடையாளம் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உருக்கு வலை பின்னிய ஹோஸ் என்றால் அது வீங்காது, பிரேக் உறுதியாக இருக்கும். ஆனால் அந்த வலை உரசும் இடத்தில் பெயின்டையும் வயரையும் அரம்போல் அறுக்கும் என்பதால் மேலே உறை இருக்க வேண்டும்.

பூட்டும்போது, ஹோஸின் முனையை இறுக்கும் பான்ஜோ போல்ட்டின் இரண்டு பக்கமும் வரும் செப்பு வொஷர்களைப் புதிதாகப் போட வேண்டும். செம்பு ஒரு தடவை நசுங்கித்தான் அடைப்பைத் தருகிறது. நசுங்கிய பழையதை மறுபடி போட்டால் கசியும். ஹாண்டிலைத் தன் பக்கமாக உருட்டி வைக்கும்போது மாஸ்டர் சிலிண்டரின் எண்ணெய்க் கிண்ணமும் சரியும். ஹாண்டில் நேராக இருக்கும்போது அந்தக் கிண்ணம் ஏறக்குறைய மட்டமாக இல்லாவிட்டால், எண்ணெய் குறைந்த ஒரு நாளில் துளை வழியே காற்று உள்ளே போகும். எண்ணெயைப் போலன்றிக் காற்று அமுங்கும். லிவர் பிடிக்கும் பலம் சில்லுக்குப் போகாமல் காற்றை அமுக்குவதிலேயே செலவாகிவிடும். அதனால்தான் புதிய ஹோஸ் போட்ட பிறகு காற்றெடுக்கும் வேலைக்கு நேரம் கொடுக்க வேண்டும். காற்று மேல்நோக்கியே போகும் என்பதால், உயரமான ஹாண்டிலில் அது மாஸ்டர் சிலிண்டர் முனையில் போய்த் தங்கும். ஹாண்டிலைத் திருப்பி, மாஸ்டர் சிலிண்டரை எல்லாவற்றுக்கும் மேலே கொண்டுவந்து, பொறுமையாக எடுக்க வேண்டும்.

வாவிக் காற்றும் மலை இறக்கமும்

இந்தப் பகுதியில் ஓடும் வண்டிக்கு வேறு சோதனைகளும் உண்டு. மட்டக்களப்பு வாவியின் உவர்க்காற்று கேபிளின் உட்கம்பியைத் துருவாக்கும். மாரி காலத்தில் வயல்வெளி வீதிகள் நீரில் மூழ்கும்போது ட்ரம்முக்குள் தண்ணீரும் சேறும் போகும். அது காயும்வரை பிரேக் பாதிதான் பிடிக்கும். உயர்த்திய ஹாண்டிலில் கேபிளின் மேல்முனை இறுகி வெளியுறை சற்று விலகி நின்றால், மழை நீர் நேராக உள்ளே இறங்கும். துருப்பிடித்த கேபிள் லிவரை விட்ட பிறகும் திரும்பி வராது.

இதே செங்கலடியில் தொடங்கி ஏ5 வழியாக மேலே போனால் பதுளை மலைநாடு. அங்கிருந்து திரும்பி இறங்கும்போது, டிஸ்க் பிரேக் வண்டிக்காரர் நீண்ட இறக்கம் முழுவதும் பிரேக்கைப் பிடித்தபடியே வருவார். டிஸ்க்கின் சூடு எண்ணெய்க்குப் போகும். டொட் 4 வகைப் பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ்வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 பாகைவரை இறங்கிவிடலாம். டொட் 3 என்றால் 205 இலிருந்து 140 ஆகக் குறையலாம். எண்ணெய் கொதித்தால் ஆவி உண்டாகும். ஆவியும் காற்றைப் போலவே அமுங்கும். அதனால்தான் யமஹா நிறுவனம் தன் கைந்நூல்களில் பிரேக் ஒயிலை இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவையும், பிரேக் ஹோஸை நான்கு ஆண்டுக்கு ஒரு தடவையும் மாற்றச் சொல்கிறது. இருபது வருட வண்டியில் பிறந்தபோது வந்த ஹோஸே இன்னும் இருக்குமானால், ஹாண்டிலை மாற்றாவிட்டாலும் அதை மாற்றியே ஆக வேண்டும். ஹாண்டில் மாற்றும் நாள் அதற்கு நல்ல சந்தர்ப்பம்.

திடீரென்று நிறுத்த வேண்டிய தேவை இங்கே எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதும் யோசிக்க வேண்டியது. ஏ15 இல் இரவில் கட்டாக்காலி மாடுகள் படுத்திருக்கும். புல்லுமலைப் பக்கம் மாலை மங்கியதும் யானை வீதியைக் கடக்கும். பலமாகப் பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன் சில்லுக்கு மாறுகிறது. வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு அப்போது முன் பிரேக்குக்கே. உயர்ந்த ஹாண்டில் ஓட்டுபவரைப் பின்னுக்குச் சாய்த்து முன் சில்லின் பாரத்தைச் சற்றுக் குறைக்கிறது. அப்படியான வண்டியில் முன் பிரேக் இன்னும் துல்லியமாக, கைக்கு அடங்கியதாக இருக்க வேண்டும். நடைமுறையில் அந்த வண்டிகளில்தான் முன் பிரேக் கேபிள் இறுகியோ ஹோஸ் இழுபட்டோ கிடக்கிறது.

உயரத்தை அளக்கும் சட்டங்கள்

உயர்ந்த ஹாண்டிலின் கவர்ச்சி உலகெங்கும் பரவியதில் 1969 இல் வந்த ஈஸி ரைடர் என்ற அமெரிக்கத் திரைப்படத்துக்குப் பெரும் பங்குண்டு. அதில் வரும் கப்டன் அமெரிக்கா என்ற வண்டியைக் கறுப்பினத்தவர்களான கிளிஃப் வோன்ஸ், பென் ஹார்டி ஆகிய இருவர் சேர்ந்து உருவாக்கினார்கள். அந்த வண்டிக்கு முன் பிரேக்கே கிடையாது. படத்துக்காகக் கட்டிய அந்த வண்டியின் ஹாண்டில் உயரம் மட்டும் எத்தனையோ நாடுகளின் வீதிகளுக்கு வந்து சேர்ந்தது.

அரசுகள் தங்கள் தங்கள் வழியில் பதில் சொல்லின. கலிபோர்னியா மாநிலச் சட்டம், ஓட்டுபவர் உட்கார்ந்திருக்கும்போது அவருடைய கைகள் தோள்மட்டத்துக்கு மேல் ஆறு அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. இந்தியாவில் 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவை விளக்கி, 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தயாரிப்பாளரின் மூல விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைக்க முடியாது என்பது அதன் சாரம். இலங்கையில் 2025 ஜனவரியில், அரசாங்கத்தின் கிளீன் ஸ்ரீலங்கா திட்டத்தோடு சேர்ந்து, பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் மேலதிகமாகப் பொருத்தியிருந்தவற்றைக் கழற்றும் நடவடிக்கையைப் பொலிஸார் தொடங்கினார்கள். சங்கங்கள் எதிர்த்ததும் கால அவகாசம் தரப்பட்டது.

இவை எல்லாம் கண்ணுக்குத் தெரிவதைப் பார்க்கின்றன. உயரத்தை அளக்கின்றன, மாற்றத்தைத் தடுக்கின்றன, அலங்காரத்தைக் கழற்றுகின்றன. ஓட்டுபவர் உயிரோடு வீடு சேர்வாரா என்பதைத் தீர்மானிக்கும் கேள்வி வேறு: ஹாண்டிலை முழுதாகத் திருப்பினால் ஏதாவது இறுகுகிறதா?

அந்தக் கேள்வியைக் கேட்கும் நாடுகள் உண்டு. பிரித்தானியாவில் மூன்று ஆண்டைக் கடந்த மோட்டார் சைக்கிள் வருடத்துக்கு ஒரு தடவை எம்ஓடி என்ற பரிசோதனையில் தேற வேண்டும். பரிசோதகர் ஹாண்டிலை ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் திருப்பி, அது எங்காவது தட்டுகிறதா, தடைப்படுகிறதா என்று பார்ப்பார். பிரேக்குகளையும் ஹோஸ்களையும் சோதிப்பார். ஜேர்மனியில் இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை பரிசோதனை. அங்கே வேறு ஹாண்டில் போடலாம். ஆனால் அந்த ஹாண்டிலுக்கு அங்கீகாரம் இருக்க வேண்டும், அல்லது பரிசோதகர் பார்த்து வண்டியின் பத்திரத்தில் பதிய வேண்டும். மாற்றத்தை அந்த நாடுகள் ஒரேயடியாக மறுக்கவில்லை. மாற்றம் முழுமையாக நடந்ததா என்று கேட்கின்றன.

இலங்கையில் 2008 முதல் வாகனப் புகைப் பரிசோதனை நடக்கிறது. வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க, மோட்டார் சைக்கிளும் அந்தச் சான்றிதழைக் காட்ட வேண்டும். காற்றைக் காப்பது அவசியம், அதில் மறுப்பில்லை. ஆனால் வருடத்துக்கு ஒரு தடவை மோட்டார் சைக்கிள்கள் ஒரு பரிசோதகரின் முன்னால் வந்து நிற்கும் அந்தச் சில நிமிடங்களில் அவர் புகையை மட்டுமே அளக்கிறார். இந்த நாட்டில் வீதி விபத்துகளில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள். அவர்களில் பெரும் பகுதியினர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். அவர்கள் எல்லோரும் பிரேக் பழுதால் இறந்தார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பிரேக்கைப் பார்க்க ஒரு சந்தர்ப்பம் கையில் இருந்தும் அதைப் பாவிக்காமல் விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

செய்ய வேண்டியவை

முதலாவது, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் புகைப் பரிசோதனையோடு சேர்த்து ஐந்து நிமிடப் பிரேக் சோதனை ஒன்றைக் கொண்டுவர வேண்டும். அதற்குப் புதிய இயந்திரம் எதுவும் வேண்டாம். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்ப்பது, லிவரை இறுகப் பிடித்துப் பார்ப்பது, ஹோஸிலும் மூட்டுகளிலும் கசிவு இருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்ப்பது ஆகிய மூன்றும் போதும். தேறாத வண்டிக்குத் தண்டப்பணம் போடாமல், திருத்திக்கொண்டு வர நாட்கள் கொடுக்க வேண்டும். தண்டப்பணத்துக்குப் பயந்தால் வண்டியை மறைப்பார்கள். அவகாசம் கிடைத்தால் திருத்துவார்கள்.

இரண்டாவது, தொழிற்பயிற்சி அதிகாரசபையும் மட்டக்களப்புத் தொழில்நுட்பக் கல்லூரியும் ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருக்கும் மெக்கானிக்குகளுக்கு வார இறுதிப் பயிற்சி ஒன்றை நடத்த முன்வர வேண்டும். ஹோஸ் அளப்பது, காற்றெடுப்பது, நிப்பிளுக்கு ஈயம் ஊற்றுவது, வயரை முறுக்கிக் கட்டாமல் ஈயம் பிடித்துச் சூட்டில் சுருங்கும் உறை போட்டு நீட்டுவது, ஸ்விட்ச் பெட்டியின் முனை உட்காரப் புதிய ஹாண்டிலில் சரியான இடத்தில் துளையிடுவது ஆகியவை ஓரிரு நாளில் கைக்கு வந்துவிடும். பல ஆண்டு அனுபவமுள்ள கைகளுக்கு அளவும் காரணமும் தெரிந்தால், அவர்களைவிட நல்ல மெக்கானிக் இந்த நாட்டில் வேறெங்கும் கிடைக்கமாட்டார். அந்தப் பயிற்சிக்கு ஒரு சான்றிதழும் கொடுத்தால், வாடிக்கையாளர் அதைக் கேட்டு வரத் தொடங்குவார்.

மூன்றாவது, உதிரிப்பாகக் கடைக்காரர்கள் ஹாண்டிலைத் தனியாக விற்கக் கூடாது. ஹாண்டில் கேட்டு வருகிறவரிடம் எந்த வண்டி, எவ்வளவு உயரம் என்று கேட்டு, அதற்கேற்ற கிளச் கேபிள், எக்ஸிலேட்டர் கேபிள், பிரேக் கேபிள் அல்லது ஹோஸ், வொஷர், ஒரு போத்தல் பிரேக் ஒயில் எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்து வைத்து விலை சொல்ல வேண்டும். இருப்பில் இல்லாவிட்டால் கொழும்பிலிருந்து எடுத்துத் தரலாம். உயரமான ஹாண்டிலோடு வரும் வேறு வண்டிகளின் கேபிள்கள் சிலவேளை பொருந்தும்; முனைகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தே அதைச் சொல்ல வேண்டும்.

இதற்கெல்லாம் செலவு கூடும் என்பது உண்மை. கூலிக்குப் போகிறவருக்கு அது சிறிய தொகையல்ல. ஆனால் அந்தச் செலவைச் செய்ய இப்போது கையில் பணம் இல்லையென்றால், அது ஹாண்டிலை மாற்றும் காலம் இன்னும் வரவில்லை என்பதற்கான அடையாளம். பழைய ஹாண்டிலோடு இன்னும் மூன்று மாதம் ஓட்டலாம். பாதியில் நிற்கும் வேலையோடு ஒரு நாளும் ஓட்டக் கூடாது.

ஏற்கெனவே ஹாண்டிலை உயர்த்தி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இன்று மாலையே ஒரு காரியம் செய்யலாம். வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, பின்னால் ஒருவர் பாரம் கொடுக்க, முன் சில்லை நிலத்திலிருந்து உயர்த்துங்கள். இயந்திரத்தை ஓடவிட்டு ஹாண்டிலை இடமும் வலமும் முழுதாகத் திருப்புங்கள். சத்தம் கூடினால் எக்ஸிலேட்டர் கேபிள் குட்டை. பழைய ஹொண்டாக்களின் கிளச் லிவர் முனையில் பொதுவாக 10 முதல் 20 மில்லிமீற்றர்வரை தளர்வு இருக்க வேண்டும். ஹாண்டிலை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது மாறக் கூடாது. முன் சில்லைக் கையால் சுற்றிவிட்டுத் திருப்புங்கள். சுற்று தடைப்பட்டால் பிரேக் கேபிள் குட்டை. ஹோஸ் எந்த இடத்திலாவது கம்பிபோல் விறைத்து நின்றாலும், அதன் முனைகளில் வெடிப்போ ஈரமோ தெரிந்தாலும், வண்டியை அன்றே கராஜுக்குக் கொண்டு போங்கள்.

கராஜ் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹாண்டிலை மட்டும் மாற்றித் தரச் சொல்லி வருகிறவரைத் திருப்பி அனுப்புங்கள். அவர் வேறு கராஜுக்குப் போய்விடுவார் என்ற பயம் நியாயமானது. அதனால்தான் இதை ஒரு கராஜ் தனியாகச் செய்ய முடியாது. செங்கலடியிலும் ஏறாவூரிலும் சித்தாண்டியிலும் உள்ளவர்கள் கூடிப் பேசி, பிரேக் லைன் இல்லாமல் ஹாண்டில் இல்லை என்று ஒரே முடிவாக எடுக்க வேண்டும். ஏறாவூர்ப்பற்றுப் பிரதேச சபை அந்தக் கூட்டத்துக்கு ஒரு மண்டபத்தைக் கொடுத்து அழைப்பு விடுத்தால், மிகுதியை மெக்கானிக்குகளே பார்த்துக்கொள்வார்கள்.